கேசரோலைச் சூடாக்கியவள்

ஞாயிறு, இரவு

விடியும் முன்பே எழுந்து, மட்டன் கொத்துக்கறி வதக்கி, ராஜ்மா, சோளச் சப்பாத்தி, சீஸ் என்று அடுக்கி, ஓவனில் சுட்டெடுக்கும் மெக்சிகன் கேசரோலைச் செய்தேன். பிரிட்ஜில் வைத்துவிட்டு, ஷிப்மெண்ட் அவசரத்தில் கம்பெனிக்கு ஓடினேன். சாயங்காலம் கொழுந்தன் மனைவி கவிதா அதை ஓவனில் வைத்ததோடு சரி.

நான் திரும்பியபோது எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பரிமாறியது அவள், புகழ்ச்சியும் அவளுக்கே. அவள் ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. காலையில் மிளகாய் நெடிக்குத் தும்மிய என் கணவர்கூட, "அருமைம்மா" என்று அவளிடம் மறுபடி கேட்டு வாங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானாகச் சொல்ல ரோஷம் விடவில்லை.

மாமியார் என் தட்டில் ஒரு துண்டு வைத்தார். "கவிதாகிட்டக் கேட்டு நீயும் பழகிக்க கண்ணு."

"அதுக்கென்னங்கக்கா, நான் சொல்லித் தர்றனுங்க" என்றாள் கவிதா.