வாசல் சோதனை

அடேய் தம்பி,

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ள ஒருத்தரைத்தான் விடுறாங்க. அது உன் பொண்டாட்டி. நீ மயக்கத்துல இருந்தாலும் காது கேட்கலாம், எழுதிக் கொடுத்தா அவளே படிச்சுக் காட்டலாம்னு நர்ஸம்மா சொன்னாங்க.

உன் செடிக்கெல்லாம் தண்ணி ஊத்திட்டேன். ஒண்ணும் வாடலை.

உனக்குக் கிட்னி மாத்தினதுலேருந்து உன் பொண்டாட்டி வீட்டு வாசல்லயே எல்லாருக்கும் தெர்மாமீட்டர் வைக்கிறாளே, கிட்னி கொடுத்த எனக்குமா சோதனைன்னு பத்திக்கிட்டு வரும்.

"சாதாரண ஃப்ளூதான். கிட்னிக்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சு வெச்சிருக்கோம், அதான் நுரையீரல் தாங்கலை"ன்னார் டாக்டர். காய்ச்சலோட யாராவது வீட்டுக்கு வந்தாங்களான்னு கேட்டார். "எல்லாரையும் பார்த்துத்தான் விட்டேன். நான்தான் கடைக்குப் போய்க் கொண்டு வந்துட்டேன் போல"ன்னு உன் பொண்டாட்டி தலையில அடிச்சுக்கிட்டா. நான் அவ முதுகைத் தடவிக் கொடுத்துக்கிட்டு நின்னேன்.

கடைசியா உன்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தேனே, அன்னைக்குக் கிளம்பும்போதே எனக்கு உடம்பு கொதிச்சுது. திருப்பி அனுப்பிடுவாளேன்னு மாத்திரை போட்டு, காய்ச்சலை இறக்கிட்டுத்தான் வந்தேன்டா.

அவ முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரலை. இப்போ அவ வாயாலேயே படிச்சுக்கிட்டிருக்கா.

படிச்சு முடிச்சதும் வரட்டும். கதவுக்கு வெளியிலதான் உட்கார்ந்திருக்கேன்.

உன் அக்கா