வாய் திறந்த குழந்தை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா? நான் நலம். இல்லையென்றாலும் இங்கே கேட்க ஆள் கிடையாது.

போன வாரம் ஒரு வேடிக்கை. நான்கு வயதாகியும் பேசாத ஒரு பெண் குழந்தை என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வருகிறாள். சோதித்துப் பார்த்ததில் காதிலும் புத்தியிலும் குறையில்லை. சொல்தான் வெளியே வரவில்லை. என் வாயைப் பார்த்துப் பார்த்துச் சொல்லப் பழக்கினேன். அன்று அவளை அழைத்துப்போக வந்த அவளுடைய அப்பா, அவள் கையிலிருந்த பொம்மையைப் பிடுங்கினார். “வேண்டாம்” என்றாள், தெளிவாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கோ முகம் சிவந்துவிட்டது.

“பேசத்தானே கத்துக்குடுக்கச் சொன்னோம்? எதிர்த்துப் பேசவா?”

எங்கள் பயிற்சி மையத்தின் மேலாளர் சொன்னபடி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய பருத்திப் போர்வை ஒன்று அனுப்புங்கள். இங்கு வாங்கியதைப் போர்த்தினால் தூக்கமே வருவதில்லை.

“தம்பி படிப்பு முடியற வரைக்கும் இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே இரும்மா” என்று போனில் சொன்னீர்களே, அதற்கும் சரி என்றுதானே சொன்னேன். அந்தக் குழந்தைக்கு வந்த சொல் எனக்கு இன்னும் வரவில்லை, அப்பா.

அடுத்த குழந்தை வந்துவிட்டது. நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்