அப்பாவின் பெயருக்கு வந்த வாக்காளர் அட்டை

2024 நவம்பர் 11, கம்பளை

இன்று கண்டியில் சட்ட மாணவர்களுக்கு வாக்குரிமைப் பாடம். 1931இல் எல்லாருக்கும் வாக்கு வந்தபோது தேயிலைத் தோட்டத்து எங்கள் ஆட்களிடம் மட்டும் நிரந்தரமாகத் தங்குவதற்குச் சான்று கேட்டதையும், 1949இல் பட்டியலிலிருந்து அவர்கள் பெயர்களே போனதையும் சொன்னேன். வீட்டுக்கு வந்தால், அப்பாவுக்கு வாக்காளர் அட்டை.

அப்பா இறந்து இரண்டு வருஷம். பிழை என்னுடையது. வருஷாவருஷம் வாக்காளர் படிவத்தில் அவர் பெயரையும் எழுதிவிடுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில்தான் குடியுரிமை கிடைத்த மனிதர் — எப்படி வெட்டுவது? சட்டம் படிப்பிக்கிறவள் செய்கிற வேலையா இது?

நவம்பர் 14

வாக்குச்சாவடி வரிசையில் நின்றேன். உள்ளே பெயரை உரக்க வாசித்தார்கள்: "பழனியாண்டி."

எட்டிப் பார்த்தேன். அப்பாவின் கோடு போட்ட சட்டை. அப்பாவின் முதுகு. மை பூச விரலை நீட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் தெரிந்தது — எங்களோடு இருக்கும் சித்தப்பா வீரய்யா. கையில் அப்பாவின் அடையாள அட்டை.

ஆட்சேபித்திருக்க வேண்டும். என் வாக்கைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கேட்டேன். "ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கணும்னு இருந்துச்சு தாயி" என்றார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நவம்பர் 15

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில் சித்தப்பா இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தவர். போர் வந்து இந்தியாவுக்கான கப்பல் நின்றதால் இங்கேயே தங்கிவிட்டார். அப்படித் தங்கியவர்களும் இந்நாட்டுக் குடியுரிமை கேட்கலாம் என்று சட்டம் மாறிய பிறகும் கேட்கவில்லை. விண்ணப்பிப்போம் என்று இன்றும் சொன்னேன்.

"போய்க் கேட்டா, இவன் இன்னும் போகலையான்னு அனுப்பிப்புடுவாங்க."

டிசம்பர் 2

சித்தப்பா மை பூசிய விரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். "அண்ணே வந்து நிக்கிறாரு. பேசவே மாட்டேங்கிறாரு."

குசினியில் அடுப்புப் பக்கமிருந்து இருமல். சித்தப்பாதானே? சித்தப்பா என் எதிரில் அல்லவா இருக்கிறார்!

2025 பெப்ரவரி 6

கிராம அலுவலர் இந்த வருஷ வாக்காளர் படிவத்தோடு வந்தார். அப்பா இறந்ததைச் சொல்லிவிட்டேன். "முன்னமே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்று பெயரின் மேல் கோடிழுத்தார். சித்தப்பா உட்கார்ந்திருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அப்ப நான் எங்கங்க போறது?" அலுவலருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவர் போனதும் குடியுரிமை விண்ணப்பத்தைச் சித்தப்பாவின் முன் வைத்தேன். மறுக்கவில்லை. பெயர் என்ற இடத்தில் பழனியாண்டி என்று எழுதினார். பார்த்தார். அவரே வெட்டினார். பிறகு பேனையை என்னிடம் நீட்டினார்.

"எம் பேர நீயே எழுதிரு தாயி. கை வர மாட்டேங்குது."