விற்றுவிட்ட தாலாட்டு

செவ்வாய்க்கிழமை, கூக்கால் கிராமம்.

மகள் பவித்ரா கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தூங்கவைக்க நான் முனகிய மெட்டு அது. போன வருடம் சென்னைப் பாடகர் ஒருவர் அவசரமாகப் பாட்டு கேட்டார். கையில் வேறு மெட்டு இல்லை. அதற்கே வரிகள் எழுதி, இசை சேர்த்து, உரிமை மொத்தத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் பிழைப்பே அப்படித்தான்.

பள்ளி ஆண்டு விழாவில் பவித்ரா அதைப் பாடினாள். பெருமையாக வீடியோவை இணையத்தில் போட்டேன். இன்று பார்த்தால் அவள் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. பாட்டு வேறொருவருக்குச் சொந்தம் என்று இணையதளமே சத்தத்தை நிறுத்திவிட்டதாம்.

பாடகருக்குப் போன் செய்தேன். "நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் பவித்ரா பூண்டு உரித்துக்கொண்டே அதை முனகிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். நான் போனில் பேசியதைக் கேட்டிருப்பாள் போல.

"நம்ம வீட்டுக்குள்ள பாடலாம் தங்கம்."

"வேணாம்ப்பா. அவங்களுக்குத் தெரிஞ்சா உங்களத்தான ஏசுவாங்க?"

அவள் படுத்ததும், அப்போது தோன்றிய புது மெட்டு ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பாடினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"நல்லா இருக்குப்பா," என்றாள். "இத யாருக்குக் குடுக்கப் போறீங்க?"