பந்தியில் ஒரு ரேஷன் சேலை

கோலியனூருக்கு வாக்கப்பட்டுப் போயும் திண்டிவனத்து வாயை விடாத என் அஞ்சலை அக்காவுக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்க மாட்டேன். அங்கே உனக்கென்ன குறை, விடியறதுக்குள்ள எழுந்து குழாயடியில குடத்தை வரிசை போடுற வேலையே இல்லை. நான் நல்லா இருக்கேன். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கு. என் அளவுக்கு ஏறினவன் இந்த ஜில்லாவிலேயே கிடையாதாம். டாக்டரே எழுந்து நின்னுட்டார்.

எட்டாவது வரைக்கும் படிச்சவன் எழுதுற கடிதம் இது. ஒன்பதாவதுலயும் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கேன், அது சேர்த்தி இல்லைன்னு நீ சொல்லுவே. தப்பு இருந்தா நீ பொறுத்துக்கோ, பொறுக்க முடியாதவங்க படிக்காம போகட்டும். ஆனா இதை உனக்கு மட்டும்னு மடிச்சு வைக்க முடியாது. ஏழு வருஷம் முன்னாடி, என் வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தியில, பத்துப் பேர் கேட்கிற மாதிரி உன்னை யாரோன்னு சொல்லிட்டேன். அந்த வார்த்தையைப் பத்துப் பேர் கேட்கிற மாதிரிதான் திரும்ப எடுக்கணும்.

கிளப்பி விட்டது உன் மகள் செல்விதான். விழுப்புரத்துல வேலைக்குப் போறாளே, அந்த ஆபீஸ்ல எவளோ ஒருத்தி இவள் சுடிதாரைத் தொட்டுப் பார்த்து, "பிளாட்பாரமா?"ன்னு கேட்டிருக்கா. போன வாரம் என்கிட்ட வந்து, "மாமா, விலை கம்மியான துணி போட்டா ஜனங்க நிஜமாவே மட்டமா நினைக்கிறாங்களா?"ன்னாள்.

நினைக்கிறாங்களாவா? அதை விட்டா அவங்களுக்கு வேற நினைப்பே கிடையாதுன்னேன். மனுஷன் மூஞ்சியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி காலரைப் பார்க்கிற ஜாதி அது. கல்யாண வாசல்ல பன்னீர் தெளிக்க நிக்க வைக்கிறாங்களே, பட்டு வந்தா பூ மாதிரித் தெளிப்பாங்க, நூல் சேலை வந்தா ஈ ஓட்டுற மாதிரி ஒரு உதறு. சந்தனக் கிண்ணம்கூட ஆளுக்கு ஏத்த மாதிரி பக்கம் வரும், தூரம் போகும்.

நான் இருபது வருஷம் மல்லாட்டை மண்டியில எடை போட்டவன். மூட்டையைக் கண்ணால பார்த்தே கிலோ சொல்லுவேன். தராசு வேற மாதிரி காட்டினா தராசைத்தான் மாத்துவாங்க. அப்பேர்ப்பட்ட நானே மல்லாட்டை வாங்குறப்ப நாலு கடலை எடுத்து உடைச்சு, உள்ளே பருப்பு இருக்கான்னு பார்ப்பேன். இந்த ஜனங்க இருக்காங்களே, மனுஷனைத் தோலோட எடை போட்டு அனுப்பிடுறாங்க. இவங்களை எல்லாம் எங்க மண்டியில சாக்கு மடிக்கக்கூட வச்சுக்க மாட்டோம்.

செல்விக்கு அந்த ஜவுளிக்கடைக் கதையைச் சொன்னேன். விழுப்புரம் தனி மாவட்டம் ஆச்சே, தொண்ணூத்தி மூணு, அந்த வருஷத் தீபாவளி. ஊரெல்லாம் புது ஆபீஸ், புது போர்டு, கடைக்காரனுங்க எல்லாம் புதுசா வந்த அதிகாரி வீட்டம்மாக்களுக்காக வாயைப் பிளந்துக்கினு இருந்தானுங்க. நீ பொங்கலுக்கு ரேஷன் கடையில குடுத்த சேலையைக் கட்டிக்கினு என்கூட உள்ளே வந்தே. அந்த வருஷம் யார் யாருக்குக் கார்டு இருந்ததோ அவங்க எல்லார் உடம்புலயும் அதே நீலம், அதே ரோஸ் பார்டர். கடைக்காரன் உன்னை ஏற இறங்கக்கூடப் பார்க்கலை, சேலையை மட்டும் பார்த்தான். "உங்க ஐட்டம் வெளியில குவிச்சிருக்குதும்மா"ன்னு தாடையால வாசலைக் காட்டினான்.

நான் அவனை ரெண்டு அறை விட்டதா செல்விகிட்ட சொன்னேன். போன தடவை சொன்னப்ப ஒரு அறைதான். நிஜம் உனக்குத் தெரியும், என் மணிக்கட்டைப் பிடிச்சு உட்கார வச்சதே நீதான். வெள்ளை மெத்தையில சப்பணம் போட்டு உட்கார்ந்து, "அதை எடு, இதை எடு"ன்னு நாற்பது சேலை பிரிக்க வச்சே. அவனுக்கு வேர்த்துக் கொட்டினப்ப எழுந்து முந்தானையை உதறிக்கினு சொன்னே:

"என்ன தம்பி, எதுவும் எங்க ரேஷன் கடை அளவுக்கு இல்லியே."

இதுல ஒரு எழுத்துக்கூட நான் சேர்த்தது இல்லை. சேர்க்க வேண்டிய அவசியமே வைக்க மாட்டே நீ.

வருஷா வருஷம் பொங்கலுக்கு அந்தச் சேலையை வாங்கினவங்க தலையணைக்கு உறை தைப்பாங்க, சன்னலுக்குத் திரை போடுவாங்க, வேலை செய்யற அம்மாவுக்குக் குடுத்துட்டுக் குடுத்ததை நாலு தெருவுக்குச் சொல்லுவாங்க. நீ ஒருத்திதான் பொங்கலன்னைக்கே மஞ்சள் வச்சுக் கட்டுவே. அதுல என்னையும் ஒரு குத்து குத்துவே. "கூடப் பொறந்தவன் சீர் செய்யலன்னா என்ன, எனக்கு கவர்மெண்டே சீர் செய்யுது." நான் சிரிப்பேன். அடுத்த வருஷம் பட்டு எடுத்துத் தர்றேன்னு சொல்லுவேன். எத்தனை அடுத்த வருஷம் சொன்னேன் அக்கா?

இப்ப கிரகப்பிரவேசத்துக்கு வர்றேன். திண்டிவனத்துல என் வீடு எப்படின்னு உனக்குத் தெரியும். மயிலம் மலையில இருந்து பார்த்தாலே தெரியும்னு நான் சொல்லுவேன், தெரியாதுன்னு நீ சொல்லுவே. அந்த விசேஷத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே ஊர் பூரா சொல்லிட்டேன், என் அக்காவுக்கு அரக்குப் பட்டு எடுத்து வச்சிருக்கேன், கை வச்சா வழுக்குதுன்னு. உனக்கும் போன் போட்டேன். "நீ சும்மா கிளம்பி ஜல்தியா வா அக்கா, பட்டு இங்கே இருக்குது, இங்கேயே கட்டிக்கலாம்"னேன். நீ அதை நம்பி, கட்டியிருந்த ரேஷன் சேலையோடவே விழுப்புரத்துல பஸ் ஏறி வந்துட்டே.

பட்டு இல்லை. என் பொண்டாட்டிக்கு எடுத்தேன், மச்சினிக்கு எடுத்தேன், கடைசியில எனக்கே பட்டுச் சட்டை தைச்சேன். உனக்கு எடுத்ததா சொல்லிச் சொல்லி எடுத்துட்ட மாதிரியே ஆயிடுச்சு எனக்கு. பொய்யில அது ஒரு பேஜாரு.

நீ கேட்கலை. வீட்டைச் சுத்திப் பார்த்தே, பீரோ இருந்த அறையை ஒரு தடவை பார்த்தே, சமையல் கொட்டகைப் பக்கம் போய்ச் சாம்பார் வாளியைத் தூக்கிட்டே. அப்ப எனக்குப் புரியலை. கையில வாளி இருந்தா உடம்புல இருக்கிற சேலையை யாரும் கேட்க மாட்டாங்க. சமையல்காரர் கூட்டிக்கினு வந்த பொம்பளைங்க நாலு பேர்ல ரெண்டு பேர் உடம்புல உன்னோட அதே வருஷத்துச் சேலை, அதே பச்சை, அதே மெரூன் பார்டர். அஞ்சாவது ஆளா நீ வரிசையில சேர்ந்துட்டே.

என் பக்கத்து இலையில ரைஸ்மில்காரர். அவர் மகனுக்கு என் பொண்ணைக் குடுக்கலாம்னு எனக்கு ஒரு ஆசை இருந்தது உனக்கும் தெரியும். அவரை உட்கார வச்சு, நானும் கூட உட்கார்ந்து, என் பெருமையை நானே பரிமாறிக்கினு இருந்தேன். பந்தியோட அந்தக் கோடியில இருந்து நீ குரல் விட்டே.

"டேய் கோதண்டம், மாப்ள மாதிரி உக்காந்துக்கினு இருக்கியே, பக்கத்து இலைக்கு உப்பு விழல பாரு."

ரைஸ்மில்காரர் கையை எடுத்துட்டார். "யாருங்க அது? உங்களையே டேய்ங்குது?"

உன் சேலையைப் பார்த்தார். அப்புறம் என் சட்டையைப் பார்த்தார். நானும் அதே வரிசையில பார்த்தேன் அக்கா, முதல்ல சேலை, அப்புறம் சட்டை. உன் மூஞ்சியை நான் பார்க்கவே இல்லை.

"சமையலுக்கு வந்தவங்க. வயசாயிடுச்சு, மரியாதை தெரியாது"ன்னேன்.

இதுதான் அந்த வார்த்தை. எழுதிட்டேன். இதுல நான் கூட்டலை, குறைக்கலை.

நீ வாளியோட நேரா என்கிட்டதான் வந்தே. குனிஞ்சே. பந்தி மொத்தமும் கேட்கிற மாதிரி இல்லை, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ரொம்பப் பணிவா கேட்டே:

"ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுங்களா?"

நான் தலையாட்டினேன். நீ ஊத்தினே. நான் சாப்பிட்டேன்.

அதுக்கப்புறம் நீ சண்டை போட்டியா, பேசாம இருந்தியா? ரெண்டும் இல்லை. வாரா வாரம் போன் பண்ணினே. "ஐயா நல்லா இருக்கீங்களா, திண்டிவனத்துல மழை உண்டுங்களா"ன்னு கேட்டே. வீட்டுல எல்லாரும் விளையாட்டுன்னு சிரிச்சாங்க. நானும் சத்தமா சிரிச்சேன். ஒவ்வொரு தடவையும் நீ போனை வைக்கிறதுக்குள்ள ஒரு டேய் வரும்னு காதை ஒட்டி வச்சுக்கினு இருப்பேன். நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நான் கடைசியா பார்க்க வந்தேனே, அப்பவும், "ஐயா எதுக்குங்க இவ்ளோ தூரம்"னுதான் கேட்டே. அதுவும் விளையாட்டா அக்கா? அங்கேயே காலைப் பிடிச்சிருக்கணும். ஆரஞ்சுப் பழத்தை மேசையில வச்சுட்டு, டாக்டர் எல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்கன்னு பக்கத்துக் கட்டில்காரனுக்குச் சொல்லிக்கினு நின்னேன்.

பட்டு எடுத்தேன், கேட்டியா. அரக்குப் பட்டுதான், கை வச்சா நிஜமாவே வழுக்கும். பொறந்த வீட்டுக் கோடின்னு கோலியனூருக்குக் கொண்டுவந்து உன் மேலே போர்த்தினேன். நான் உனக்கு எடுத்த முதல் பட்டு அது. அங்கேயும் விடலை இந்த ஜனம். ஒப்பாரி வச்சுக்கினு இருந்த ரெண்டு பொம்பளைங்க, அழுதுக்கினே பார்டரை விரல்ல தேய்ச்சுப் பார்த்தாளுங்க. ஒருத்தி இன்னொருத்திக்குத் தலையாட்டினா, நல்ல சரிகைதான்னு. பொணத்து மேலே கிடக்கிறதைக்கூடத் தரம் பார்க்கிற விரலுங்க. தூன்னு துப்பலாம்னு இருந்தது. ஆனா அந்தத் தலையாட்டலைப் பார்த்து எனக்குள்ள ஒரு நிம்மதி வந்ததே, அதை எங்கே போய்த் துப்புறது?

ரைஸ்மில்காரர் அந்தச் சம்பந்தத்துக்கு வரலை. வேற இடத்துல முடிச்சுட்டார். இன்னைக்கும் எதிர்ல வந்தா முதல்ல என் செருப்பைத்தான் பார்க்கிறார். இப்பேர்ப்பட்ட ஆளுக்கா உன்னை வித்தேன்னு நினைச்சா எனக்கு அவர் மேலே இருக்கிற இளக்காரத்தை விட என் மேலே ஒரு மூட்டை கூடுதலா வருது.

இப்ப சமாச்சாரம். வர்ற மாசம் உனக்கு அஞ்சாவது வருஷ நினைவு நாள். படம் பெரிசு பண்ணலாம்னு தேடினா, உன் கல்யாணப் படத்தைக் கரையான் தின்னுடுச்சு. வோட்டர் கார்டுல இருக்கிறது நீயா நானான்னு எனக்கே சந்தேகம். கடைசியில என் கிரகப்பிரவேச ஆல்பத்துலதான் நல்லதா ஒண்ணு கிடைச்சது. பச்சைச் சேலை, மெரூன் பார்டர், கையில வாளி, யாரையோ பார்த்துச் சிரிக்கிறே. அந்த உப்புப் பேச்சுக்கு முன்னாடி எடுத்ததா இருக்கணும்.

விழுப்புரத்துல ஸ்டுடியோவுக்கு எடுத்துக்கினு போனேன். ஸ்டுடியோக்காரர் பார்த்துட்டு, "சேலை ரொம்பச் சாதாவா தெரியுது சார். வாளியை எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல நல்ல பட்டா மாத்திடலாம். செத்துப்போனவங்களுக்குக் கோட்டே போட்டுக் குடுத்திருக்கேன்"னார். நான் பதில் சொல்றதுக்குள்ள உன் கழுத்துக்குக் கீழே அரக்குப் பட்டு வந்துடுச்சு. ஒரு நிமிஷம் பார்த்தேன் அக்கா. நல்லாத்தான் இருந்தது. எனக்குப் பொய் என்னைக்குமே நல்லாத்தான் இருக்கும்.

"வேணாங்க. இருந்த மாதிரியே போடுங்க. வாளியும் இருக்கட்டும்"னேன்.

அவர் என் சட்டையைப் பார்த்தார், திரையில உன் சேலையைப் பார்த்தார். "யாரு சார் இவங்க?"ன்னு கேட்டார்.

ஏழு வருஷம் கழிச்சு அதே கேள்வி. "என் அக்கா. கூடப் பொறந்தவ"ன்னேன். கடை அதிர்ந்துதுன்னு சொல்ல ஆசைதான். இல்லை, மெதுவாத்தான் சொன்னேன்.

படத்தை வாசலுக்கு நேரா கூடத்துல மாட்டிட்டேன். செல்வி வந்து பார்த்துட்டு, "அம்மா என்ன மாமா, வாளியோட சாமி மாதிரி நிக்குது"ன்னாள். அந்தச் சுடிதாரைத்தான் போட்டிருந்தாள்.

தை மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். வீட்டுக்கு எவன் வந்தாலும், ரைஸ்மில்காரரே வந்தாலும், படத்தைப் பார்த்து யாருன்னு கேட்டாலும் கேட்காட்டியும் சொல்லுவேன். இவ என் அக்கா, ரேஷன் சேலையில நின்னவ, இவளை ஒரு நாள் நான் யாரோன்னேன்னு சொல்லுவேன். அந்த ஒரு கதையை மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் மாத்த மாட்டேன். இது சத்தியம்.

இங்கே எனக்கு மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. மண்டியில, தெருவுல, பஸ்ஸுல எல்லாரும் ஐயான்னுதான் கூப்பிடுறாங்க. வேற மாதிரி கூப்பிட இந்த ஊர்ல ஆள் இல்லை.

இப்படிக்கு,
ஐயா இல்லை அக்கா,
உன் தம்பி, டேய் கோதண்டம்.