'பெக்' என்று எழுத மறுத்தவனே

செந்தூல் ரயில் பட்டறை ஆபீசில் என் மேசை இழுப்பறையைத் துழாவியபோது உன் பழைய மனு ஒன்று கையில் அகப்பட்டது. ஓரத்தில் உன் பெருவிரலின் எண்ணெய்க் கறை. முகர்ந்து பார்த்தேன், அதே பட்டறை வாசம். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் இரண்டு மாதமாகிறது.

அன்று இயந்திரத்துக்கு இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாய். உன் சீட்டைக் கிழிப்பதற்குள், ஸ்டோரில் லேசான வேலை கேட்டுத் துரைக்கு மனுப் போடவேண்டும். ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகள் தொழிலாளிக்கு மனு எழுதக்கூடாது என்பது உத்தரவு. நான் பெயர் போடாமல் எழுதிக் கொடுப்பவன். வழக்கம்போல 'ஐ பெக்' என்று தொடங்கினேன்.

"பெக்னா என்னா கிராணி?"

"கெஞ்சிக் கேக்குறது. எல்லா மனுவும் அப்படித்தான் ஆரம்பிக்கும். சும்மா மரியாதைக்குத்தான்லா."

நீ விடவில்லை, அகராதியைப் பிரிக்கவைத்தாய். பிச்சையெடுப்பது என்பதுதான் முதல் பொருள். ஊர் ஊராக இரந்து திரிந்த ஒரு துறவிக் கூட்டத்தின் பெயரிலிருந்து வந்திருக்கலாம், உறுதியில்லை என்றும் போட்டிருந்தது.

"அவங்க சாமியாருங்க. நான் வெரல குடுத்துட்டு வந்திருக்கேன். கேக்குறேன்னு மட்டும் போடு."

'ஆஸ்க்' என்று மாற்றினேன். அதன் வேரையும் பார்த்தேன். தேடுவது, வேண்டுவது என்றுதான் இருந்தது. அதில் யாரும் கும்பிட்டு நிற்கவில்லை.

அப்போது எனக்கு உன்மேல் எரிச்சல்தான். வேலை போகப்போகிறவனுக்கு இவ்வளவு வீம்பா? முறைப்படி இல்லை என்று பெரிய கிராணி இரண்டு முறை திருப்பி அனுப்பினார். இரண்டு முறையும் அதே வரியைத்தான் எழுதவைத்தாய். மூன்றாம் முறை ஸ்டோர் வேலை கிடைத்தது. உன் பிடிவாதம் வென்றதா, ஸ்டோரில் ஆள் குறைந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது உன் மனைவியிடம் பட்டறைக் குவார்ட்டர்ஸைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். பிள்ளையின் பரீட்சை முடியும்வரை மூன்று மாதம் வேண்டுமாம். நேற்று மனு எழுதச் சொல்லி வந்தார். 'ஐ' என்று மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினேன். போய்விட்ட உன் வீம்புக்காக இருப்பவர்கள் தெருவில் நிற்கலாமா?

"இந்த ஒரு தடவை பெக்னு போட்டுடலாம் தங்கச்சி."

"வேணாண்ணே. இருவது வருசமா அவருக்குச் சோறு கட்டி அந்தப் பட்டறைக்கு அனுப்பியிருக்கேன். கேக்குறேன்னே போடுங்க."

வெட்கமாக இருந்தது. நம் மூவரில் பயந்தவன் நான் ஒருவன்தான். கேட்டபடியே எழுதினேன். உத்தரவு தெரிந்தே, எழுதியவன் என்று கீழே என் முழுப்பெயரையும் போட்டேன். திருப்பி அனுப்பட்டும். மறுபடி எழுதுவேன், அதே வரியை, அதே பெயரோடு.