சூலூரில் ஓர் ஊட்டிப்பூ

பிப்ரவரி 9, ஞாயிறு

முழங்கால் விண்ணென்று தெறிக்கிறது. இன்றைக்கு மாடிக்கு எத்தனை நடை என்று காலுக்குத்தான் தெரியும்.

ஏழாம் நம்பர் நாற்று மொட்டு கட்டியிருக்கிறது. பனி இருக்கிற வரைக்கும் எந்த ஜெரேனியமும் பூக்கும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சித்திரை வெயிலில் பூக்குமா? அதுதான் கேள்வி.

அம்மாச் செடி, கொடுமுடியில் என் தங்கை வீட்டு மொட்டைமாடியில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய சிவப்பு. வெயிலுக்கு அஞ்சாது, பூ மட்டும் நோஞ்சான். அப்பாச் செடி ஊட்டியில் வாங்கியது. பந்து பந்தாகப் பூக்கும், சமவெளிக்கு இறக்கினால் பங்குனியிலேயே மண்டையைப் போடும். சிவப்பின் மொட்டைப் பிரித்து, மகரந்தப் பையைக் கிள்ளி எறிந்து, ஊட்டிக்காரனின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைத்து, நூல் கட்டி, காய் கொக்கு மூக்கு மாதிரி நீளும்வரை காத்திருந்து — வருஷா வருஷம் இதே பிழைப்பு. வந்த நாற்றுகள் எல்லாம் மே மாதத்தில் செத்தன. போன மே மாதம் பிழைத்தது ஏழாம் நம்பர் ஒன்றுதான். ஆனால் அப்போது அது பூக்கிற வயதில் இல்லை. இந்த மே மாதம் பூத்தால் அது புது வகை. பூக்காவிட்டால் நான் ப்ளஸ் டூ தாவரவியல் டீச்சர், அவ்வளவுதான்.

மார்கழியில் பூத்த முதல் கொத்தின் நிறம் ரோஸும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. பழுத்த பப்பாளியை அரிந்தால் தெரிகிற நிறம். இலையில் ஒரு கரும்பட்டை வளையம்.

"ஊட்டிப்பூவைச் சூலூர்ல பூக்க வெக்கறதுக்கு, எங்களை ஊட்டிக்கே கூட்டிட்டுப் போயிருக்கலாம் கயலு" என்றார் இவர். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவருக்கு நக்கலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. ஜூன் மாதம் மாடிக்கு சீட் கூரை போட்டுக் கடையை மேலே ஏற்றப் போகிறாராம். அப்புறம் மாடியில் வெயில் ஏது? ஆக இதுதான் கடைசி வருஷம். எனக்கும் தெம்பு இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சத்தியமங்கலம் போய் வந்தேன். ஏழாம் நம்பரில் இரண்டு கொப்பு வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கோடைக்கு முன் அதற்கு மேல் வெட்டினால் தாய்ச்செடி தாங்காது.

திருமலைசாமியின் நர்சரி பெரியது. பசுமைக்குடிலும் புகைமாதிரி தண்ணீர் தெளிக்கிற மிஸ்ட்டும் ஆட்களுமாக இருக்கிறது. காபி கொடுத்தார், கொப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேர் புடிச்சுதுன்னா பெருசாப் பண்ணிரலாமா?" என்று கேட்டேன்.

"பாக்கலாமுங்க டீச்சர்."

இந்தச் சீமையில் பிறந்த யாருக்கும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லித் தரவேண்டியதில்லை. வந்தவர் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. பாக்கலாமுங்க என்றால் நடையைக் கட்டு என்று பொருள். கட்டினேன். அவினாசி வரை நின்றுகொண்டுதான் வந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

பின்வீட்டுக்குக் குடிவந்திருக்கும் சாயிரா பானு ரவிக்கை கொடுக்க வந்தாள். கோயமுத்தூர் கோட்டைமேட்டுப் பெண். நல்ல தையல், நல்ல வாய். தகரக் கூரை வீடு, துணி எங்கள் மாடியில்தான் காயப்போடுகிறாள். மாடிக்கு வந்தவள் ஏழாம் நம்பர் முன்னால் நின்றுவிட்டாள். "டீச்சர், இந்த நெறத்துல ஒரு பட்டு கெடைச்சா கல்யாணப் பொண்ணுங்க அடிச்சுக்குவாங்க. ஒரு கொப்பு குடுங்களேன், வெச்சுப் பாக்கறேன்."

"பாக்கலாம்மா" என்றேன்.

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். என்ன செய்ய? பரீட்சையே எழுதாத பிள்ளையை எப்படி ஊர்மேல் அனுப்புவது? வாங்கிக்கொண்டு போய் இரண்டே நாளில் தண்ணீர் ஊற்றியே கொல்வார்கள். நான் கஞ்சமில்லை. இல்லைதானே?

மார்ச் 7, வெள்ளி

ஏழாம் நம்பரில் பக்கக் கொப்பு ஒன்று இல்லை! அடியோடு போயிருக்கிறது. நேற்று இவர்தான் மாடியில் ஜமுக்காளம் உதறினார். கேட்டால், "நான் அந்தப் பக்கமே போகலை" என்கிறார். அணிலா வந்து ஒடித்தது? கத்தினேன். கடை ஆட்கள் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"ஒரு செடிக்காக என்னைய இப்படிப் பேசறே. என்னைக்காச்சும் உன்ற செடிக்குக் கெடுதல் நெனச்சிருப்பனா?" என்றார். சாப்பிடாமல் போய்விட்டார்.

போகட்டும்.

மார்ச் 23, ஞாயிறு

திருமலைசாமி போன் செய்தார். இரண்டு கொப்பும் அழுகிவிட்டதாம். "மிஸ்ட்டுல தான் வெச்சிருந்தமுங்க, நல்லாப் பாத்துக்கிட்டமுங்க." ஜெரேனியத்துக்கு மிஸ்ட் ஆகாது, காய்ந்த மணலில் செருகுங்கள் என்று அன்றைக்கே தலைதலையாக அடித்துக்கொண்டேன். ரோஜாவுக்கு என்ன செய்வார்களோ அதையே செய்திருக்கிறார்கள்.

இனி தாய்ச்செடி ஒன்றுதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

விடைத்தாள் திருத்தும் முகாம். மின்விசிறி பேருக்குச் சுற்றுகிறது. ஒருவன் மகரந்தச் சேர்க்கைக்குப் படம் போடச் சொன்னால் தேனீயை மட்டும் அழகாக வரைந்திருக்கிறான். பூவைக் காணோம். அரை மார்க் போட்டேன். கண் எரிகிறது.

ஆனால் ஏழாம் நம்பர்! சுற்றி எல்லாம் சுருண்டு கிடக்க, இது புதுமொட்டுக் காம்பை நீட்டுகிறது. இந்த வெயிலில்! இவரிடம் சொல்லவேண்டும் போல இருந்தது. ஜமுக்காளச் சண்டைக்குப் பிறகு நாங்கள் செடியைப் பற்றிப் பேசுவதில்லை. இருந்தாலும் சாப்பாடு போடும்போது சொன்னேன். "அப்படியா" என்றார். முகம் கொஞ்சம் மலர்ந்தது.

ஏப்ரல் 9, புதன்

அட கெரகமே. என்ன எழுதுவேன்.

முகாம் முடிந்து பொழுதோட வந்தேன். இவர் வாசலிலேயே நின்றிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "கயலு, உன்ற செடி மத்தியானம் தலைய தொங்கப் போட்டுட்டு நின்னுச்சு. பாவமாப் போச்சு. டேங்க்குல ஓஸ் மாட்டி நல்லா நெறைக்க தண்ணி உட்டுட்டேன்."

மத்தியானத்தில். கறுப்பு டேங்க்கில் இருந்து. வெயிலில் கிடக்கிற ஓஸ் வழியாக. அந்தத் தண்ணீரில் அரிசி போட்டால் சோறாகியிருக்கும்!

ஜெரேனியம் மத்தியானம் தலை தொங்கும், பொழுது சாய்ந்தால் தானே நிமிரும். நான் காலையில் கீழே இருந்து குடத்தில் தண்ணீர் சுமப்பது எதற்கு? முட்டி தேய்ந்தது எதற்கு? மேலே குழாய் இருப்பது எனக்குத் தெரியாதா? ஒருநாளாவது சொல்லியிருக்கலாம்தான். யாரிடம் சொல்ல, யார் கேட்டார்கள்?

ஓடிப்போய்த் தொட்டி மண்ணில் விரலை விட்டேன். இன்னும் வெதுவெதுப்பு.

கத்த வாய் வரவில்லை. அந்த மனுஷன் கையில் ஓஸைச் சுருட்டி வைத்துக்கொண்டு, நல்ல வார்த்தை கேட்கக் காத்து நிற்கிறார். கல்யாணம் ஆனதிலிருந்து என் செடிக்கு அவர் தண்ணீர் ஊற்றியது இன்றைக்குத்தான். "சரிங்க" என்றேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 12, சனி

தண்டு அடியில் கறுத்துவிட்டது.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று சித்திரைக்கனி. கண்ணாடி முன்னால் பழமும் பூவும் வைத்துக் கும்பிட்டோம். வருஷத்தின் முதல் பார்வை நல்லதில் விழவேண்டும் என்பார்கள். நான் அதற்கு முன்பே மாடிக்குப் போய்விட்டேன். மொட்டு விரியாமலே காய்ந்து தொங்குகிறது.

இன்றைக்குப் பிடுங்கினேன். வேர் முழுக்கப் பழுப்புக் கூழ். நுனியையாவது காப்பாற்றலாம் என்று வெட்டிப் பார்த்தேன். உள்ளே நெடுகக் கறுப்பு.

இவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை, தானாக. கடையை மத்தியானமே பூட்டிவிட்டு வந்து, "நான் பண்ணிப்போட்டதா கயலு?" என்று கேட்டார். இல்லைங்க, வெயில் என்றேன். நம்பவில்லை. நம்பின மாதிரி தலையாட்டினார்.

பெங்களூரிலிருந்து இளவேனில் பேசினாள். "விடும்மா. அடுத்த வருஷம் மறுபடி பண்ணு" என்கிறாள் மகள். எந்த மாடியில்? எந்த முட்டியை வைத்துக்கொண்டு? அவளிடம் சொல்லவில்லை. அழுதேன். அதை இங்கே சொல்லலாம்.

மே 4, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அக்னி நட்சத்திரம் ஆரம்பம்.

மே 18, ஞாயிறு

சீட் போடுகிற ஆள் அளவெடுக்க வருகிறான் என்று காலித் தொட்டிகளை ஓரம் கட்டப் போனேன். மூலைத் தொட்டியைத் தூக்க முடியாமல் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினேன். எதேச்சையாகப் பின்பக்கம் பார்த்தேன்.

சாயிரா வீட்டுத் தகரக் கூரை விளிம்பு. அதன்மேல் ஒரு பெயின்ட் வாளி. வாளியில் பப்பாளி நிறம்.

முதலில் துணி என்று நினைத்தேன். காற்றில் இலை திரும்பியது. இலையில் கரும்பட்டை வளையம். என் ஏழாம் நம்பர் வளையம். பூத்திருக்கிறது! கத்திரி வெயிலில், நிழல் என்பதே இல்லாத தகரத்தின் மேல், ஒன்றல்ல, கொத்துக் கொத்தாக!

படியில் எப்படி இறங்கினேன், தெருவை எப்படிச் சுற்றினேன், தெரியாது. முட்டி வலி அப்போது எங்கே போச்சோ.

கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "டீச்சர், சொல்லோணும் சொல்லோணும்னு தான் இருந்தேனுங்க. உங்க செடி போயிருச்சுன்னு கேட்டதுல இருந்து நெஞ்சே சரியில்லை. ஒத்துக்கிட்டா என்ன பேசுவீங்களோன்னு பயம். துணி எடுக்க வந்தப்ப ஒரு கொப்பு ஒடிச்சுப்போட்டேன்."

"கேட்டு வாங்கறதுக்கு என்ன?"

"கேட்டனே! நீங்க பாக்கலாம்னுட்டீங்க. பாக்கலாம்னா இல்லைன்னு அர்த்தம்னு கோயமுத்தூர்ல பொறந்தவளுக்குத் தெரியாதுங்களா? அதுவுமில்லாம, கொப்பு திருடி வெச்சாத்தான் தழைக்கும்னு எங்கம்மா சொல்லும்."

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. தண்ணீர் எப்போது ஊற்றுகிறாய் என்று கேட்டேன். ஏணி போட்டு ஏறவேண்டும், ஞாபகம் வந்தால் ஊற்றுவாளாம். பெருநாள் தையல் வேலையில் மறந்தே போயிற்றாம். மண் என்ன மண்? வீடு கட்டின மிச்ச மணல். நான் சலித்துச் சலித்துக் கலந்த மண்ணெல்லாம் எதற்கு என்று ஆகிவிட்டது.

"எனக்கு ஒரு கொப்பு குடு சாயிரா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பாக்கலாமுங்க டீச்சர்" என்றாள்.

ஏணியைச் சுவரில் சாய்த்தாள், ஏறி வாளியை இறக்கி என் காலடியில் வைத்தாள், இடுப்பில் செருகியிருந்த கத்திரிக்கோலை எடுத்து வாசல் திண்ணையில் இருந்த தையல் மெஷின்மேல் போட்டாள். "கேட்டு வாங்கினா வராதுங்க. நான் உள்ள போய் டீ வெக்கிறேன். சித்த நேரம் ஆகும். இந்தப் பக்கம் பாக்க மாட்டேன்."

என் செடியை நானே திருடினேன். மூன்று கொப்பு. டீ ரொம்ப இனிப்பு.

மே 19, திங்கள்

மார்ச்சில் ஜமுக்காளத்துக்காக நான் போட்ட சத்தத்தை நினைத்துப் பார்த்தேன். இவரிடம் கொப்பு போன கதையைச் சொன்னேன். "அப்ப நான் ஒடிக்கலை" என்றார். "இல்லைங்க." "சுடுதண்ணி உட்டது மட்டும் நான்தான்." "ஆமாங்க." அப்புறம் எழுந்துபோய், மணல் நிரப்ப மூன்று பழைய பெயின்ட் வாளி கொண்டுவந்தார். அடியில் டிரில் போட்டு ஓட்டைகூடப் போட்டிருந்தார்.

ஜூன் 15, ஞாயிறு

மூன்றும் வேர் பிடித்துவிட்டன. மாடியில் சீட் போட்டாயிற்று. மெஷின் சத்தம் தலைக்கு மேல் ஓடுகிறது. வாளிகள் வாசல் கேட்டுக்கு வந்துவிட்டன, மேற்கு வெயில் நேராக விழுகிற இடம். படி ஏறும் வேலை இல்லை. முட்டி அதற்கும் நன்றி சொல்லவில்லை.

இளவேனில் பெயர் என்ன என்று கேட்டாள். புது வகைக்குப் பெயர் வேண்டுமாமே. "பாக்கலாம்" என்றேன். "யோசிச்சு சொல்றியா?" "இல்லை கண்ணு, பேரே அதுதான்." போனில் அவள் சிரித்தது அடங்க நேரமாயிற்று.

ஜூலை 20, ஞாயிறு

திருமலைசாமி வந்து நேரில் பார்த்தார். சாயிரா வீட்டு வாளி கத்திரியில் பூத்த போட்டோவைக் காட்டினேன். ஒரு வாளி எடுத்துக்கொண்டு போனார். காய்ந்த மணல், மிஸ்ட் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். இந்தத் தடவை அவர் பாக்கலாமுங்க என்று சொல்லவில்லை. "செஞ்சுபோடறனுங்க" என்றார். செய்தால் சரி. எனக்கு எதிர்பார்த்துக்கொண்டு இருக்கத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் கோலம் போடப் போனபோது பார்த்தேன். கேட்டோரத்து வாளியில் ஒரு கொப்பைக் காணோம். நகத்தால் கிள்ளின வெட்டு, இன்னும் ஈரம் காயவில்லை. இந்தத் தெருவில் யாரோ. நல்ல கொப்புகள் இருக்கிற பக்கம் தெருவைப் பார்க்கும்படி வாளியைத் திருப்பி வைத்தேன்.

இவர் பல் துலக்கிக்கொண்டே வந்து குனிந்து பார்த்தார். "எவனோ ஒடிச்சுட்டுப் போயிருக்கான் கயலு. கேட்டுல ஒரு கேமரா மாட்டிப்போடலாமா?"

"பாக்கலாமுங்க" என்றேன்.